குடியிருப்போர் நலச்சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஐப்பசிக் கூட்டம் மட்டும் போதிய வருகை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. அவிநாசித் தேருக்கு வழக்கம்போல் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. மூன்றாம் வீதிச் சாக்கடை தூர்வாரப்பட்டது. பொங்கல் கோலப்போட்டியில் பரிசு பெற்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன.

மாசியில் இராமேசுவரம் தீவுக்குச் சென்றுவந்ததைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "காசியில் வாசி அவிநாசி என்று நம் ஊரையே சொல்லும்போது அவ்வளவு தூரம் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். போவதென்றால் தீர்த்தமாடி, சாமி கும்பிட்டுத் திரும்பினால் போதாதா, வழிகாட்டிக்கு ஏன் தனியாகப் பணம் என்றும் கேட்டார்கள். வராதவர்களுக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

இரவு புறப்பட்ட பஸ் விடியும் நேரத்தில் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் தெரிந்தன. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளாக விரிந்து கப்பலுக்கு வழிவிட்டு வந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புத் துண்டு அப்படியே மேலே எழும். இதைச் சொன்னவர் பாம்பனிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டி. அவர் இல்லையென்றால் பாதிப்பேர் உறங்கியபடியே கடலைக் கடந்திருப்பார்கள்.

பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போனோம். மன்னார் வளைகுடாவில் இப்படி 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் இன்று நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பாறை போனால் அலையைத் தடுக்க ஆளில்லை. கல்குவாரி லாரிகளைத் தினமும் பார்க்கும் நம்மவர்கள் இதைக் கேட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பயணத்தைக் கோடை விடுமுறையில் வைத்திருக்கலாமே என்று மனத்தாங்கல் கொண்டவர்களுக்கு ஒன்று: கச்சான் எனும் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தீவின் தென்கடல் கொந்தளிக்கும், படகு போவது நிச்சயமில்லை. மாசியைத் தேர்ந்தெடுத்தது விசாரித்துத்தான்.

பிற்பகலில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு சேர்ந்து ஊரே போனது. தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. அதுவும் பவளக்கல்லால் கட்டியது. கைவைத்துப் பார்த்தால் தேனடை போலப் பொடித் துளைகள். அருகே ஒரு அம்மா மணலில் இடுப்பளவு ஆழத்தில் பறித்த ஊற்றில் இறங்கி, கொட்டாங்குச்சியால் தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கடல். வாங்கிக் குடித்துப் பார்த்தோம், உப்பே இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்குமாம். அளவாக மொண்டால் ஊறிக்கொண்டே இருக்கும். ஆழம் தோண்டினாலோ மோட்டார் வைத்து இறைத்தாலோ அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும் என்றார் வழிகாட்டி. நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "என் தோட்டத்தில் ஆயிரம் அடி போர் இறக்கியும் புகைதான் வந்தது" என்று அந்தக் குழியருகே உட்கார்ந்துவிட்டார். அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் குளத்துக்கு வந்ததும் சேமிப்பை மறந்துவிட்ட நமக்கு, வேறு யார் வந்து எந்த மேடையில் பேசினாலும் இது மனத்தில் பதிந்திருக்காது. மாலையில் இராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றி வணங்கிவிட்டுத் திரும்பினோம். சாமி தரிசனத்துக்கும் குறைவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இனி மனவருத்தம். பெயர் கொடுத்தவர்களில் பலர் புறப்படும் அன்று மாலை, "வர இயலவில்லை" என்று ஒரு வரி அனுப்பினார்கள். சிலர் அதுவும் அனுப்பவில்லை. பஸ் வாடகை முழு வண்டிக்குத்தான்; காலி இருக்கைக்குத் தள்ளுபடி கிடையாது. அந்தத் தொகையை வந்தவர்களே பகிர்ந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு, வீட்டில் உடல்நலமில்லை என்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. முன்பே சொல்லியிருந்தால் காத்திருந்த வேறு குடும்பங்களை அழைத்துப்போயிருப்போம்.

சந்தா விஷயமும் இதுதான். தெருவிளக்கு எரியவில்லை என்று இரவு பத்து மணிக்கு அழைக்கிறவர்கள், ரசீதுப் புத்தகத்தோடு போனால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டு நிலுவை வைத்திருப்போரின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக உள்ளன. சிறு தொகை கையிருப்பு. பயணக் கணக்கு சங்கக் கணக்கில் சேராமல் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. ரசீதுகளை யாரும் பார்க்கலாம்.

கட்டுச்சோறு கட்டிக்கொடுத்த மகளிர் குழுவினர், பந்தலுக்கு மோர் கொடுத்த உறுப்பினர்கள், கணக்கைத் தணிக்கை செய்தவர், கூட்டத்துக்கு மண்டபம் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் ஒரு பயணம் வைக்கச் செயற்குழுவுக்கு விருப்பம் உண்டு. இந்தப் பொறுப்பை எடுத்துச் செய்ய இளையவர்கள் யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். இல்லையென்றால் நானே செய்யத் தயார். ஆனால் நிலுவை தீர்த்தவர்களின் பெயரே முதலில் எழுதப்படும். பாதித்தொகை முன்பணமாகத் தை முடிவதற்குள் பொருளாளரிடம் சேர வேண்டும்; அதற்குத் தக்கபடிதான் பெரிய வண்டியா, வேனா என்று முடிவுசெய்ய இயலும்.

இங்ஙனம்,
செயலாளர்