உன் அறிக்கையில் அந்த ஒரு வரி

ஹட்டன்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். மூன்று நாளாக மழை விடவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய உன் ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயத்தைக் கடையில் அச்செடுத்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன். போன கிழமை போனில், "ஒரு கிருமியின் மேல்தோலில் இருக்கிற நாலைந்து புரதம்தானே அப்பா, இதில் சொல்ல என்ன இருக்கிறது" என்றாய். குரலில் சோர்வு தெரிந்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். விளங்கிக்கொண்டது சரியா என்று நீயே பார். உன் கிருமியான போர்பிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் முரசு (ஈறு) நோயில் பங்குள்ள, ஒட்சிசன் பிடிக்காத பற்றீரியா. அதனால் பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் போய் ஒளிகிறது. அதன் உடம்பைச் சுற்றி மெல்லிய மயிர் போல நீட்சிகள் இருக்கின்றன. ஃபிம்ஏ என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டாகிறவை. அவற்றால்தான் அது எச்சில் படிந்த பல்லையும், முன்பே குடியேறிய மற்றப் பற்றீரியாக்களையும், நம் முரசின் கலங்களையும் பிடித்துக்கொள்கிறது. அந்த ஃபிம்ஏயிலும் பல வகை உண்டு, முரசு நோய்க்காரரிடம் இரண்டாம் வகைதான் அதிகம் என்று எழுதியிருக்கிறாய்.

அப்புறம் ஜின்ஜிபெயின். அந்தப் பக்கங்களில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மேற்பரப்பிலேயே உட்கார்ந்து, ஆர்ஜினைன், லைசின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கிற இடமாகப் பார்த்துப் புரதங்களை வெட்டுகிற நொதியங்கள். கிருமியை எதிர்க்க நம் உடம்பு அனுப்பும் பிறபொருளெதிரிகளையே வெட்டிப்போடுகின்றன. இந்தக் கிருமிக்குச் சீனி தேவையில்லை. வெட்டிய புரதத் துண்டுகளே சாப்பாடு. இரத்தத்தின் ஈமோகுளோபினை உடைத்து இரும்புள்ள ஹீமையும் எடுத்துக்கொள்கிறது. அந்த ஹீம் மேலே படிந்துதான் கிருமி வளர்க்கும், இரத்தம் கலந்த ஏகார் தட்டில் அதன் குவியல்கள் கறுப்பாகின்றன. லைசினில் வெட்டும் நொதியம் இல்லாத வகை கறுப்பாவதில்லை என்று வாசித்தபோது எழுந்து போய் அம்மாவிடம் சொன்னேன். டொபி சாப்பிட்டால் பல் கெடும் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொன்னேன். முரசு போகிற வழி வேறு என்று ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை. அது மனதை உறுத்துகிறது.

சரி, சொல்ல வந்தது இது. நாலாம் பக்கத்தில், "இலங்கைத் தேயிலைத் தொழிலாளரிடம் நடந்த நீண்டகால ஆய்வு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். நான் அந்த வரியைத் தாண்டவில்லை. உன் சித்தப்பா மகனைக் கொண்டு அந்த ஆய்வைத் தேடி எடுத்து வாசித்தேன்.

நோர்வேக்காரரான பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ 1970ல் தொடங்கியது. 14 வயதிலிருந்து 31 வயது வரை 480 ஆண்கள். பல் வைத்தியரையே பார்த்திராதவர்கள். பதினைந்து வருஷம் திரும்பத் திரும்ப வந்து அளந்திருக்கிறார்கள். 1986ல் முடிவு வந்தது. எல்லார் பல்லிலும் அழுக்கு, எல்லார் முரசிலும் வீக்கம். ஆனால் 8 வீதமானவர்களுக்கு நோய் வேகமாக ஓடியது, 81 வீதத்துக்கு நடுத்தரம், 11 வீதத்துக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. வேகமாக ஓடியவர்களுக்கு 35 வயதில் பல்லைத் தாங்கும் பிடிப்பு சராசரி 9 மில்லிமீற்றர் போய்விட்டது, 45 வயதில் 13. ஒரே மாதிரி வாழ்க்கை, ஏன் இப்படி மூன்று விதம்? நீ இப்போது புரதம் புரதமாகத் தேடுகிறதும் இந்தக் கேள்விக்குப் பதிலைத்தானே. அவர்கள் வாயைப் பார்க்கத் தொடங்கியபோது உன் கிருமிக்கு இன்றைய பெயர்கூட இல்லை. அது 1988ல் வந்தது.

அதில் இன்னொரு விஷயம் இருந்தது. அந்த ஆட்களுக்குச் சொத்தைப் பல் இல்லையென்றே சொல்லலாமாம். விழுந்த பற்கள் முரசு நோயால்தான் விழுந்தவை. அதை வாசித்ததும் உன் தாத்தா கண் முன்னால் வந்தார்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. பெரட்டுக்கு, அதுதான் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகுமுன் பீலித் தண்ணீர் விழும் கரையில் கரியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். துப்பிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. எகிறு சூடு என்றார், முரசைத்தான் எகிறு என்பார். கீழ்ப் பல் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார், சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. என் உள்ளங்கையில் வைத்து, "கூரையில் எறி" என்றார். எறியுமுன் பார்த்தேன். முழுப் பல். ஓட்டை இல்லை, உடைவு இல்லை. வேர்ப்பக்கம் மட்டும் கருமையாக ஏதோ இறுகியிருந்தது. அவருக்கு நாற்பது வயது. ஐம்பது தாண்டியபோது ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்தால்தான் தின்ன முடியும். நல்ல பல் ஏன் விழுந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த 480 பேர் அவரைவிடக் கொஞ்சம் இளையவர்கள், அவரைப் போலவே கொழுந்து மலையில் வாழ்ந்தவர்கள். பதினைந்து வருஷம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் அந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். அவர்கள் வழி வந்த பிள்ளை நீ. அந்த ஒரு வரியை ஒரு பந்தியாக்கு. அவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுது. இதை உன் வாத்தியாராக அல்ல, அப்பாவாகக் கேட்கிறேன்.

அம்மா விஷயம். பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவரிடம் காட்டினோம். வயசானால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறவளுக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ போனில் சத்தம் போட்ட பிறகு பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். கோடு போட்ட மெல்லிய கம்பியை முரசுக்குள் விட்டு, இடுக்கின் ஆழத்தை மில்லிமீற்றரில் "மூன்று, மூன்று, ஆறு" என்று அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல மற்றவர் எழுதினார். ஆறு என்றபோதெல்லாம் நான் விரல் மடக்கினேன். ஐந்து இடம். சுத்தம் செய்துவிட்டார்கள், அடுத்த மாதம் திரும்பப் போகவேண்டும். இப்போது இரத்தம் குறைவு.

சித்திரைக்கு வரும்போது அந்தக் கறுப்புக் குவியல்களைப் பெரிதாகப் படம் எடுத்துக் கொண்டு வா. மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் இருபது பேருக்கு மேல், எல்லாம் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு நீயே காட்டிச் சொல்லவேண்டும்.

அன்புடன்,
அப்பா