புல் பாலத்துக்கு ஊர் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெரு நாட்டின் கெஸ்வாசாக்கா புல் பாலத்தைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். படம் அருமை. ஆனால் கீழே "பல நூறு ஆண்டுப் பழைய இன்கா பாலம்" என்றிருந்ததைப் பார்த்ததும், முப்பது வருடம் புவியியல் நடத்தியவளால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பாலத்தின் வயது பெரும்பாலும் ஒன்றைத் தாண்டாது. ஆண்டுதோறும் ஜூனில் பழையதை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் காலத்திலிருந்து வருவது கட்டும் முறை. 2013-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியதும் அந்தக் கைவேலையும் அதன் சடங்குகளும்தான்.

கட்டுகிறவர்கள் யார்? கட்டுரையில் ஒரு வரி இல்லை. குஸ்கோ பகுதி, கானாஸ் மாகாணம், கேவே மாவட்டம். கிட்டத்தட்ட 3,700 மீட்டர் உயரம். மரம் அரிது, மலைச்சரிவெல்லாம் முரட்டுப் புல். உருளைக்கிழங்கு போட்டு, கால்நடை மேய்த்துப் பிழைக்கும் கெச்சுவா மக்கள். புல்லைக் கல்லில் வைத்துத் தட்டி, தண்ணீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் திரிப்பது பெண்கள். அந்த மெல்லிய கயிறுகளை ஆண்கள் சேர்த்து முறுக்கி, பின்னி, பெரிய வடமாக்குகிறார்கள். நடக்கிற தளத்துக்கு நாலு வடம், கைப்பிடிக்கு இரண்டு. பாலத்தின் மேல் வேலை நடக்கும்போது மட்டும் பெண்கள் கிட்டே போகக்கூடாதாம், அபசகுனமாம்! கயிறு திரித்தது யார் கை? சரி, அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.

இத்தனைக்கும் பக்கத்திலேயே வண்டி போகிற இரும்புப் பாலம் இருக்கிறது. ஆற்றைக் கடக்க இது தேவையே இல்லை. 2020-ல் கொரோனாவால் கட்ட முடியாமல் போனது. 2021 மார்ச்சில் பழைய பாலம் அறுந்து அபூரிமாக் ஆற்றில் விழுந்தது. மூன்றே மாதத்தில் இரு கரையிலும் கூடிப் புதிதாகப் பின்னிவிட்டார்கள்.

அப்புறம், அவர்கள் பேசுவது "ஸ்பானிய வட்டார வழக்கு" என்று எழுதியிருந்தது பெரிய பிழை. கெச்சுவா தனிமொழி. அவர்கள் வைத்திருக்கும் பெயர் ருனாசிமி, மனிதரின் பேச்சு. 1975-ல் பெரு அதை ஆட்சிமொழியாக அறிவித்தது. நம்மைப் போலவே சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழி. நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருப்பதுபோல அவர்களுக்கும் ஞோகஞ்சிக், ஞோகாய்கு என்று இரண்டு உண்டு. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எதிரே இருப்பவரைச் சேர்த்துச் சொல்கிறோமா, விட்டுச் சொல்கிறோமா என்பதை ஸ்பானிஷில் எழுதுகிறவர் தனியாக விளக்க வேண்டும். கேவேக்காரருக்கு அந்தச் சிரமம் இல்லை.

திருத்தம் போடும்போது பாலம் கட்டுகிற நாலு ஊரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்: வின்சிரி, சௌபிபண்டா, சோக்காய்வா, கொல்லானா கேவே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தேனி.