செட்டிநாட்டு ஆடிட்டர் அலுவலகங்களின் வரலாற்றை எழுதி வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களைப் பற்றியும் ஆத்தங்குடித் தரையைப் பற்றியும் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவன் நான். ஆனால் அந்த வீடுகளைக் கட்டிய பணம் எந்த ஏடுகளில் எழுதப்பட்டது, கடல் கடந்த வியாபாரம் முறிந்தபின் அந்த ஏடுகளைச் சரிபார்த்து அரசுக்கு விளக்கிச் சொன்னவர்கள் யார் என்பதைப் பற்றி எவரும் எழுதக் காணோம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தலைமுறை தாண்டி நடந்துவரும் ஆடிட்டர் அலுவலகங்களின் வரலாற்றை, அவற்றின் பழைய கோப்புகள் எடைக்குப் போவதற்கு முன் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தலைமைக் கணக்கராக ஓய்வு பெற்றவன் நான்.

வெள்ளைக்காரர் வந்துதான் இங்கே கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற எண்ணம் படித்தவர்களிடம்கூட இருக்கிறது. அது சரியல்ல. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளில் நாள்வழிக் குறிப்பு, பேரேடு, வரவு-பற்று இருப்புகளைத் தொகுத்துக் காட்டும் ஐந்தொகை என்ற மூன்றும் பிசகாமல் நடந்து வந்தன. அன்றாட வரவும் பற்றும் முதலில் குறிப்பில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை கட்டப்படும். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைநிலை உதவியாளாகக் கப்பலேறியவன் இந்த வேலையைப் பார்த்தே ஏஜெண்டுக்கு உதவியான அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் ஏஜெண்டாக உயர்ந்தான். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள் என்றால், அந்த ஒரு விகிதத்தை நம்பிப் பல நூறு கடைகளின் பேரேடுகள் ஒன்றோடொன்று பொருந்தி நடந்தன என்று பொருள். 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அத்தனை பணமும் தமிழ் எண்ணில், தமிழ்க் கணக்கில் எழுதப்பட்டது.

கணக்கு எழுதுவது இப்படி வேரோடியிருந்த ஊரில், வெளியாள் ஒருவர் வந்து அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் பின்னால்தான் வந்தது. முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் இடையே நடக்கும் தனியார் வட்டிக்கடைக்குச் சட்டப்படி தணிக்கை தேவைப்படவில்லை; மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பும் ஏஜெண்டின் கணக்கை முதலாளி வீட்டிலேயே தீர்த்துக்கொண்டார்கள். கம்பெனிகளுக்கு நிலைமை வேறு. 1913ஆம் ஆண்டுச் சட்டம் தகுதி பெற்ற ஆடிட்டரின் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. 1937 பிப்ரவரி 10 அன்று மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களோடு காரைக்குடியிலும் அதே நாளில் கிளை திறக்கப்பட்டது. நம் ஊர்ப் பணம் வட்டிக்கடையிலிருந்து வங்கிக்கு, அதாவது தணிக்கைக்கு உட்பட்ட ஓர் அமைப்புக்கு, நகரத் தொடங்கியதை அந்தக் கிளையை வைத்தே நான் கணக்கிடுகிறேன்.

அதே 1937இல் ஏப்ரல் மாதம் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரே அரசின் கீழ் இருந்த வருமானம் ஒரே நாளில் வெளிநாட்டு வருமானம் ஆயிற்று. அடுத்து வந்த 1939ஆம் ஆண்டு வருமானவரித் திருத்தம், பிரிட்டிஷ் இந்தியாவில் வசிப்பவரின் வெளிநாட்டு வருமானம் இங்கே கொண்டுவரப்படாவிட்டாலும் வரிக்கு உட்பட்டது என்றது. ரங்கூனில் ஒரு வரி, இங்கே ஒரு வரி, இரண்டுக்கும் இடையே நிவாரணம் கேட்க ஒரு மனு என்று ஆனபோது, பேரேடு எழுதத் தெரிந்த கணக்கப்பிள்ளையால் மட்டும் சமாளிக்க முடியவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ராயவரம், ராமச்சந்திரபுரம் போன்ற நகரத்தார் ஊர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன. 1948 மார்ச்சில் அந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை அவை பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே இருந்தவை. சில மைல் தள்ளி இருந்த இரண்டு பங்காளி வீடுகளுக்கு வெவ்வேறு சட்டம் என்ற நிலையைச் செட்டிநாட்டு ஆடிட்டர்கள்தாம் நேருக்கு நேர் சந்தித்தார்கள். வரிச் சட்ட வரலாறு எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த அலுவலகம் இந்தச் சூழலில்தான் பிறந்தது. அதைக் கட்டி எழுப்பிய பெரியவர் ஆடிட்டர் அல்லர். பர்மாக் கடையில் பெட்டியடியாக இருந்து, 1942இல் ஜப்பானியர் முன்னேறியபோது நடந்தே ஊர் திரும்பியவர்களுள் ஒருவர். 1949 ஜூலை 1 அன்று பட்டயக் கணக்காளர் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், அச்சட்டப்படி உறுப்பினர் அல்லாத ஒருவர் அலுவலகத்தில் பங்குதாரராக இருக்க அன்று முடியவில்லை. ஆகவே பெயர்ப் பலகையில் அவர் பெயர் கடைசி வரை ஏறவில்லை. பேரேட்டைப் படித்துப் பொருள் சொல்வது அவர் வேலை. அறிக்கை எழுதிக் கையெழுத்திடுவது ஆடிட்டர் வேலை. இந்த இருவரும் சேர்ந்ததுதான் அந்த அலுவலகம். ஆவணங்களில் ஒருவர் பெயர் மட்டுமே இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அவர் முன் விரிந்த ஒரு பேரேட்டுப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீண்டு ஒடுங்கிய தாள். தலைப்பில் பிள்ளையார் சுழி. கீழே கடையின் விலாசம் எனப்படும் அதன் பெயரின் முதலெழுத்துகள். அதன்கீழ்த் தமிழ் மாதமும் தேதியும். தொகைகள் தமிழ் எண்ணில் இருக்கும். முக்கால், அரைக்கால், மாகாணி என்ற பின்னங்களுக்குத் தனித்தனிக் குறி. வட்டிக் கணக்கில் பிசிறு விழுந்தால் ரூபாயில் 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரை அவர் வாயாலேயே கணக்கிட்டுச் சொல்வார். கடனுக்குக் கடன் மகமை என்று ஒரு சிறு தொகை தனியே எழுதப்பட்டிருக்கும். அது முதலாளியின் வருமானமா, கோயிலுக்கும் தர்மத்துக்கும் உரிய பணமா என்று வரி அதிகாரியிடம் வாதாட வேண்டும். வாடிக்கையாளரிடம் தர்மத்துக்கென்று வாங்கும் தொகை வியாபாரியின் வருமானம் ஆகாது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தபோது, எங்கள் அலுவலகத்தில் அதை வரிவரியாகப் படித்தார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பர்மாவில் விட்டுவந்த பேரேடுகள் போரில் அழிந்தன; எஞ்சிய நிலமும் கடையும் 1948க்குப் பிந்தைய நிலச் சட்டங்களாலும் 1960களின் தேசியமயத்தாலும் கைவிட்டுப் போயின. அங்கிருந்து தவறாமல் ஊருக்கு அனுப்பப்பட்ட ஐந்தொகைப் பிரதிகள் மட்டும் இங்குள்ள வீடுகளில் தங்கின. நட்ட ஈடு கேட்டபோதும், கூட்டுக்குடும்பம் பாகம் பிரிந்தபோதும் அந்தப் பிரதிகள் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு வந்து கோப்புகளோடு கோப்பாகச் சேர்ந்தன. ரங்கூனில் கிடைக்காத ஆதாரம் காரைக்குடி அலமாரிகளில் இருந்தது.

அந்த வரலாற்றில் பெருமை மட்டும் இருக்காது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலவுடைமை, நெல் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் 1938க்குள் 25 சதவீதம் வரை ஏறியது. ஒவ்வொரு வயலும் ஒரு பர்மிய விவசாயி இழந்த வயல். அதுவும் அதே ஏடுகளில்தான் பதிவாகியிருக்கிறது. நேர்மையாக எழுதுபவர் அதையும் எழுதத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி அலுவலகம் ஒன்று சிறிய இடத்துக்கு மாறியபோது, பழைய கோப்புகள் அனைத்தும் ஒரே நாளில் எடைக்குப் போடப்பட்டன. நான் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது வண்டி கிளம்பியிருந்தது. சட்டப்படி அவர்கள் மீது குறை சொல்ல முடியாது. கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். தணிக்கைக் கோப்புகளுக்கு ஆடிட்டர்களின் தர விதி கேட்பது 7 ஆண்டுகள். வாடிக்கையாளரின் விவரத்தை அவர் இசைவின்றி வெளியிடுவது தொழில் ஒழுங்கீனம் என்பதால், பாதுகாப்பதைவிட அழிப்பதே பத்திரம் என்று ஆடிட்டர்கள் நினைப்பதும் எனக்குப் புரிகிறது. இதற்கு வழி இருக்கிறது. கணக்குக்கு உரிய குடும்பத்தாரிடம் எழுத்தில் இசைவு பெற்று, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை எவரும் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கோப்புகளை ஒப்படைக்கலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்த நூல்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் காலத்துக்குப் பின் சென்னையில் ஆய்வு நூலகமாகி உலகத்துக்கே பயன்படுகின்றன. கணக்கேடுகளுக்கு அப்படி ஓர் இடம் காரைக்குடியிலேயே, அழகப்பா பல்கலைக்கழகத்தில், அமைவது பொருத்தம்.

காகிதத்தைவிட அவசரமானது ஒன்று உண்டு. தமிழ் எண்ணையும் பின்னக் குறிகளையும் விலாச எழுத்துகளையும் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறோம். எல்லாக் கணக்குகளும் மார்ச் 31இல்தான் முடிய வேண்டும் என்ற விதி 1989-90 வரி ஆண்டில் வந்த பிறகு, பங்குனியில் முடியும் தமிழ் வருடக் கணக்கைத் தணிக்கை செய்த அனுபவம் அடுத்து வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. எங்களை உட்காரவைத்து, ஒரு பேரேட்டைக் கையில் கொடுத்து, படிக்கச் சொல்லிப் பதிவு செய்யும் பணியைப் பல்கலைக்கழகத்தின் வணிகவியல், வரலாற்றுத் துறை மாணவர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். அதற்கு முன்வரும் அலுவலகங்களும் குடும்பங்களும் தொடர்புகொள்ளத் தங்கள் நாளிதழ் ஓர் அறிவிப்பு வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலகக் கணக்கர் ஒருவர்,
காரைக்குடி.