பன்னிரண்டு ஆண்டுக் கேள்விக்கு மூன்றாண்டு நிதி போதாது

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தட்பவெப்பமும் பருவமும் செடியின் வளர்ச்சியை எப்படி வழிநடத்துகின்றன என்று ஆராய்கிறவர்களில் சிலருக்காவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து நிதி கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு பிரிட்டிஷ் தாவர அறிவியலாளர் கரோலின் டீனின் ஆய்வு வாழ்க்கையே போதும். 1988இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் தன் குழுவைத் தொடங்கினார். அதற்கு முன் கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது டியூலிப் கிழங்கு வாங்கியிருக்கிறார். நடுவதற்கு முன் அதை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்களாம். குளிர் பட்டால்தான் பூக்கும் என்ற அந்தச் செய்தி அவரை விடவில்லை. பல வாரக் குளிரைச் செடி எப்படி உணர்கிறது? குளிர் போன பிறகும் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறது? இந்தக் கேள்வியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். எடுத்துக்கொண்ட செடி அரபிடாப்சிஸ். கடுகுக் குடும்பத்துக் களை, சந்தையில் விலை போகாதது.

அந்தச் செடியில் பூப்பதைத் தடுத்து நிறுத்தும் பிரேக் எஃப்எல்சி என்ற மரபணு. அந்த பிரேக்கை இன்னும் அழுத்தும் ஃப்ரிஜிடா மரபணுவை டீனின் குழு 2000இல் பிரித்தெடுத்தது. ஆய்வகம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. குளிர் நீள நீள எஃப்எல்சி அடங்குகிறது. ஆனால் எல்லா செல்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதில்லை. ஒரு செல்லில் முழுதாக அணைந்திருக்கும், பக்கத்து செல்லில் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். அணைந்த செல்கள் எத்தனை என்பதில்தான் கழிந்த குளிர்காலத்தின் நீளம் பதிவாகிறது. கணித மாதிரிகள் உருவாக்கும் மார்ட்டின் ஹோவர்டுடன் சேர்ந்து 2011இல் இதைக் காட்டினார்கள். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் விழும் வேதிக் குறி, செல் பிரிந்த பிறகும் இந்த நினைவைக் காக்கிறது. விதை உருவாகும்போது அது அழிந்துவிடுகிறது. அடுத்த தலைமுறை தன் குளிர்காலத்தைத் தானேதான் அளக்க வேண்டும்! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

குளிர் அறையோடு அவர்கள் நிற்கவில்லை. நாரிச்சிலும் சுவீடனிலும் திறந்தவெளியில் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவு இது: இலையுதிர் காலத்தில் செடி கவனிப்பது குளிரை மட்டும் அல்ல, பகலில் 15 டிகிரியைத் தாண்டும் வெப்பம் வராமல் இருப்பதையும் கவனிக்கிறது. குளிரை நம்பிப் பூக்கும் பயிர்கள், வெப்பம் கூடிவரும் உலகில் என்ன ஆகும் என்று யோசிப்பவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம்! 2020இல் வேளாண்மைக்கான வுல்ஃப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பிரிட்டனில் உயிரியல் ஆய்வுகளுக்கு அரசு நிதி வழங்கும் பிபிஎஸ்ஆர்சி அமைப்பு தனித்தனித் திட்டங்களுக்கு மட்டுமல்லாமல், ஜான் இன்னஸ் மையத்துக்கென்றும் தொடர்ந்து நிதி தருகிறது. நம் நாட்டிலோ மூன்றாண்டுத் திட்டம்தான் பெருவழக்கு. முதல் ஆண்டு கருவி வாங்குவதிலும் ஆள் எடுப்பதிலும் போகும், மூன்றாம் ஆண்டு அடுத்த விண்ணப்பத்தில் போகும். நடுவில் கிடைப்பதை வைத்து எந்தப் பருவத்தைப் புரிந்துகொள்வது?

நம்மிடம் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பகல் குறுகினால் மட்டுமே கதிர் விடும் பழைய சம்பா நெல் வகைகள் இருக்கின்றன. அப்புறம் நீலக்குறிஞ்சி. மூணாறு மலைகளில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. பூத்து விதைத்ததும் செடி மடிகிறது. பன்னிரண்டு ஆண்டைக் கணக்கு வைக்கும் செடியை மூன்றாண்டு நிதியில் எப்படி ஆராய்வது? திட்டம் முடியும்போது செடி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

எல்லோருக்கும் நீண்ட நிதி கேட்கவில்லை. நல்ல கேள்வியோடு வரும் சிலரைத் தேர்ந்தெடுங்கள். இடையில் மதிப்பீடு செய்யுங்கள், சரி. ஆனால் கட்டுரைகளை எண்ணாமல் கேள்வி எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று பாருங்கள். மலையிலும் வயலிலும் ஆண்டு முழுவதும் செடிகளைப் பார்த்துக் குறித்துவைக்கும் பணியாளர்களின் சம்பளத்தை அந்த நிதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

2018இல் விழுந்த விதைகளிலிருந்து முளைத்த குறிஞ்சி இப்போது மலையில் வளர்ந்து நிற்கிறது. அடுத்த பூப்பு 2030இல். அதற்கு முன் செடிக்குள் நடப்பதைப் பதிவுசெய்ய வேண்டுமானால் விண்ணப்ப அழைப்பு இந்த நிதியாண்டிலேயே வர வேண்டும்.

அன்புடன்,
ஒரு தாவரவியல் ஆசிரியர்