மேலே பைப் போட ஏணி போதாது

ஆசிரியருக்கு வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை ஷெட்டுகளில் வயரிங் வேலை செய்கிறேன். 20 அடி உயரத்தில், ஏணியில் நின்று, வயர் போகிற 3 மீட்டர் பைப்பை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறு கையால் டிரில்லை மேல்நோக்கி அழுத்தினால், ஏணியைப் பிடிக்கக் கை ஏது? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் டிரில்லின் துளைக்கும் முனை (பிட்) மாட்டினால் டிரில் ஒரு வெட்டு வெட்டி ஆளையே தள்ளிவிடும். 4 அடி உயரத்துக்கு 1 அடி சுவரைவிட்டு ஏணியின் காலைத் தள்ளிவைத்துச் சாய்க்கணும் என்பார்கள், சரி, கீழே மெஷின் நிற்கிற இடத்தில் எப்படிச் சாய்ப்பது? ஆளை நிற்கவைத்து மேலே தூக்கும் மேடையான சிசர் லிஃப்டில் சுற்றிலும் தடுப்புக் கம்பி உண்டு, இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். தரை சமமில்லாத இடத்தில் அது சரிவராது, அங்கே சாரம் கட்டலாம். லிஃப்ட் வாடகை கட்டுப்படியாகாது என்கிற ஒப்பந்தக்காரர்கள் அந்தச் செலவை டெண்டரிலேயே சேர்க்கட்டும்.

எலக்ட்ரீஷியன் ஒருவர், ஸ்ரீபெரும்புதூர்