கேரூ கழிமுகத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. இம்மடலின் சுருக்கத்தை என் மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கேரூ கோட்டை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். பிறகு எதற்குத் தமிழில் ஒரு மடல் என்றால், நன்றி சொல்பவர் என் அப்பா. தான் படித்துப் பார்க்க முடியாத நன்றியில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டார். வயதான பெற்றோரை வேல்ஸ் பக்கம் அழைத்துப்போக நினைக்கும் நம் குடும்பங்களுக்கும் இதில் ஏதாவது பயன் இருக்கலாம்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காவிரிக் கடைமடையில் ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவது பெரிதல்ல, கடல் தண்ணீர் வாய்க்காலில் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்பார். லண்டனில் அரண்மனையையும் பாலத்தையும் காட்டியபோது, "நன்றாக இருக்கிறது" என்று மரியாதைக்குச் சொல்லி வைத்தார். வேல்ஸின் பெம்ப்ரோக்ஷயரில், கேரூ கோட்டைக்குப் பக்கத்திலேயே கடல் ஓதத்தால், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதால், ஓடிய மாவு ஆலை ஒன்று நிற்கிறது என்று பேத்தி சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அதற்கு மதகு எப்படி வைத்தான்?" என்பதே முதல் கேள்வி. எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பயணம் முடிவானது அப்படித்தான்.

முதல் நன்றி, ஸ்வான்சியில் எங்களைத் தங்க வைத்த அக்காவுக்கும் அத்தானுக்கும். முன்பதிவு செய்திருந்த வாடகைக் கார் வரவில்லை. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். தொலைபேசியை எடுக்கக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார். அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரை பெம்ப்ரோக்ஷயர் எல்லையைத் தாண்டவில்லை. இவர்களுக்கு மடல் எழுதி நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன்.

அடுத்து, கோட்டை வாசலில் டிக்கெட் கொடுத்த அம்மையார். கோட்டைக்கும் ஆலைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனித்திருக்கலாம். அவர் அப்பாவின் முழங்காலைப் பார்த்தார், பிறகு ஓத அட்டவணையைப் பார்த்தார். "கோட்டையைப் பிறகு பாருங்கள். வற்றம் இன்னும் சற்று நேரத்தில் முடிந்துவிடும். இப்போது ஆலைப் பக்கம் போனால் சேற்றையும் பார்க்கலாம், தண்ணீர் திரும்புவதையும் பார்க்கலாம்" என்றார். அன்று முழுவதும் எங்களுக்கு வழிகாட்டியது அந்த ஒரு யோசனைதான்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழக்கு, மேற்கு என்று இரண்டு கிளெதாய் ஆறுகள் சேர்ந்து மில்ஃபோர்டு ஹேவன் வழியாகக் கடலுக்குப் போகின்றன. அந்தக் கழிமுகத்தின் ஒரு கிளை கிழக்கே வயல்களுக்குள் நுழைந்து கேரூ வரை வருகிறது. பெரிய எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் அதே நீரில்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கிளையில் அதன் சுவடே இல்லை. இரு கரையிலும் மரங்கள், நடுவில் சேறு, சேற்றில் பறவைகள், அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மில்ஃபோர்டு ஹேவனில் நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. நம் சோழமண்டலக் கரையில் அது பெரும்பாலும் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. மகள் இந்தக் கணக்கைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. ஆலைக் குளத்தைத் தடுத்து நிற்கும் அணைக்கரையின் கீழ்ப்புறச் சுவரில் கடற்பாசி ஒட்டியிருந்த உயரத்தை நேரில் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கரையில் நாயுடன் நடந்துகொண்டிருந்த பெரியவருக்கு எங்கள் நன்றி. என் மகன் கண்ணைச் சேற்றின் மேல் வைத்திருந்ததை எங்களுக்கு முன்பே அவர் கவனித்துவிட்டார். மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் உள்ளே முழங்கால் வரை வாங்கும் என்றும், ஏற்றம் திரும்பும்போது பள்ளமான ஓடைகள்தான் முதலில் நிரம்பும், சேற்றில் தள்ளி நிற்பவனுக்குப் பின்னால் தண்ணீர் வந்துவிடும் என்றும் பொறுமையாக விளக்கினார். அதட்டவில்லை. போகும்போது அடியில் ரப்பர் பொருத்திய தன் கைத்தடியை அப்பாவிடம் கொடுத்து, முடிந்ததும் டிக்கெட் அறையில் வைத்துவிடச் சொன்னார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஐயா, தடியைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்டோம்.

இனி ஆலை.

வேல்ஸில் சீரமைக்கப்பட்டு முழுமையாக நிற்கும் ஓத ஆலை இது ஒன்றுதான். 16ஆம் நூற்றாண்டிலேயே இவ்விடத்தில் ஆலை இருந்தது. இன்று நிற்கும் நான்கு தளக் கட்டடம் அதற்குப் பிற்பட்டது. 1937 வரை வேலை செய்திருக்கிறது. இப்போது மாவு அரைப்பதில்லை. உள்ளே எங்களுக்கு விளக்கம் சொன்ன பெரியவருக்கு அப்பாவின் வயதுதான் இருக்கும். மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே எங்களிடமும் தொடங்கினார்: தானியத்தை மேல்தளத்துக்கு ஏற்றுவார்கள், அது இறங்கி இறங்கிக் கல்லுக்கு வரும், மாவாகக் கீழே விழும். அப்பா தலையாட்டினார். ஆனால் கண் சன்னலுக்கு வெளியே அணைக்கரையில் இருந்தது. மகள் மெல்ல, "தாத்தா மதகு வேலை பார்த்தவர்" என்று சொல்லி வைத்தாள்.

அதன் பிறகு அந்த மனிதர் வேறு ஆளாகிவிட்டார். எங்களைக் கீழே அழைத்துப்போனார். ஏற்றத்தின்போது கடல்நீர் அணைக்கரையின் திறப்பு வழியாக உள்ளே வந்து 23 ஏக்கர் குளத்தை நிரப்பும். ஏற்றம் திரும்பும் நேரத்தில் கதவுகள் மூடப்படும். குளம் நிறைந்து நிற்க, வெளியே கழிமுகம் வடிந்துகொண்டே போகும். மதகைத் தூக்கினால் தண்ணீர் சக்கரத்தின் அடிப்பலகையில் அடித்துக்கொண்டு வெளியே பாயும். சக்கரங்கள் இரண்டு, இரண்டுக்கும் தனித்தனி இயந்திரம்.

அப்பா கேட்டார்: "கதவை மூடியவுடனே மதகைத் தூக்க முடியாதே? வெளியே தண்ணீர் இறங்காவிட்டால் சக்கரம் முழுகியல்லவா நிற்கும்?"

மகள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் இந்த ஆலையின் கட்டுப்பாடே என்றார். வெளிமட்டம் சக்கரத்துக்குக் கீழே போகும்வரை ஆலைக்காரன் காத்திருக்க வேண்டும். அடுத்த ஏற்றம் மேலேறி வந்து சக்கரத்தைத் தொடும்வரைதான் அரைக்க முடியும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிட இடைவெளி. ஆகவே வேலை நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். இன்று நண்பகல் என்றால் சில நாட்களில் மாலை, பிறகு நள்ளிரவு.

"நள்ளிரவிலும் வருவானா?"

"வந்துதான் ஆக வேண்டும்."

"அப்படியானால் அவன் நம் ஆள்தான்" என்றார் அப்பா. வெள்ளக் காலத்தில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடந்த இரவுகளை அவர் வீட்டில் அதிகம் பேசியதில்லை. அங்கே, மொழி தெரியாத ஒருவரிடம், பேத்தியை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார். நான் பல செய்திகளை முதன்முறையாகக் கேட்டேன்.

கழற்றி வைத்திருந்த ஆலைக்கல் ஒன்றின் முகத்தில், நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாகப் போகும் பள்ளங்கள் செதுக்கியிருந்தன. தானியம் வெட்டுப்பட்டு மாவு வெளியே நகர்வது அந்தப் பள்ளங்களால்தான். தேய்ந்தால் மறுபடி கொத்த வேண்டும். அப்பா கையை உளி பிடித்தாற்போல் வைத்து, நம் தெருவில் அம்மி கொத்துகிறவர் தட்டுவதைப் போலத் தட்டிக் காட்டினார். பெரியவர் இதற்கு மொழிபெயர்ப்பை எதிர்பார்க்கவில்லை. நேராகப் போய்க் கல் கொத்தும் கருவியை எடுத்து வந்து அப்பாவின் கையில் வைத்துவிட்டார். இருவரும் விரலால் ஒரு பள்ளத்தின் ஓரத்தைத் தடவித் தடவி, கூர்மை போயிற்று என்று ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்றது. அவர் அவசரப்படவில்லை, எங்களையும் அவசரப்படுத்தவில்லை. ஐயா, அந்த நேரத்துக்காகத்தான் இந்த மடலே.

அணைக்கரையில் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தியிருந்த தம்பதியருக்கும் நன்றி. முக்காலியை அப்பாவின் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்கள். சேற்றில் சிவந்த காலோடு ஓடிக்கொண்டிருந்தது பவளக்காலி. கோடியக்கரையில் குளிர்காலத்தில் பார்க்கிற அதே இனம் என்று சொன்னதும் அவர்களுக்கு வியப்பு. நீண்டு வளைந்த அலகோடு கோட்டான் (ஆந்தை அல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை) ஒன்றும் இருந்தது; அது சேற்றுக்குள் அலகை முழுவதும் விட்டுப் புழுவை இழுப்பதை மகன் கத்திக் கத்தி அறிவித்தான். பறவைகள் பறந்துவிடவில்லை என்பது அவற்றின் பெருந்தன்மை.

கோட்டையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, எழுதியவர்களும் நிறையப் பேர். நான் சுருக்கிக்கொள்கிறேன். 1100ஐ ஒட்டி நார்மன் வீரர் ஜெரால்டு கட்டத் தொடங்கிய இடம். அவர் மணந்த வேல்ஸ் இளவரசி நெஸ்ட்டின் சீதனமாக வந்த நிலம் என்பார்கள். 1507இல் சர் ரீஸ் அப் தாமஸ் இங்கே நடத்திய வீர விளையாட்டுத் திருவிழா பெரும்புகழ் பெற்றது. பின்னர் 1558இல் சர் ஜான் பெரட் கைக்கு வந்தது. குளத்தைப் பார்த்த வடபக்கம் முழுவதும் உயரமான சன்னல்களை வைத்து அவர் மாளிகை எழுப்பினார். முடியவில்லை, ராஜத்துரோகக் குற்றத்தில் லண்டன் கோபுரச் சிறையில் 1592இல் இறந்துபோனார். 1686க்குப் பிறகு கோட்டையில் யாரும் குடியிருக்கவில்லை.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்ன இளம் ஊழியருக்கு நன்றி. அப்பா முற்றத்தில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, கேட்காமலே உள்ளேயிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். வரலாற்றை அந்த நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தே சொன்னார். அப்பா வடபக்கச் சன்னல்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சண்டை வரும் என்று நினைத்தவன் இப்படி வைக்கமாட்டான்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். சண்டை பிறகு வந்தது, ஆங்கில உள்நாட்டுப் போரில் தென்பக்கம்தான் அதிகம் அடிவாங்கியது என்றார். எனக்கும் அந்த வடபக்கம்தான் பிடித்தது. கூரையில்லாத சன்னல் வழியே வானம் தெரிவதை அழகென்று சொல்ல மாட்டேன். கட்டி முடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஓர் இடத்தில் வழியை அடைத்திருந்தார்கள். லாட வௌவால்கள் தங்குமிடம், தொந்தரவு கூடாது என்றார்கள். மகன் எட்டிப் பார்க்கவாவது அனுமதி கேட்டான். கண்டிப்பாக மறுத்துவிட்டார்கள். அதற்கும் நன்றி.

வெளியே சாலையோரம் நிற்கும் சுமார் 4 மீட்டர் உயரக் கற்சிலுவையை நாங்களாகவே பார்த்துக்கொண்டோம். 1035இல் இறந்த மரெடுத் என்ற வேல்ஸ் அரசரின் பெயர் அதில் பொறித்திருக்கிறது. பின்னல் வேலைப்பாட்டை மகள் காகிதத்தில் வரைய முயன்று, பாதியில் விட்டுவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வற்றத்துக்குச் சற்று முன் போய், தண்ணீர் திரும்பும்வரை இருங்கள். குளத்தைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மைல் நடைபாதை இருக்கிறது. முழங்கால் ஒத்துழைப்பவர்கள் முழுச் சுற்றும் போகலாம். நாங்கள் போகவில்லை.

கடைசியாக, ஆலைப் பெரியவருக்கு ஒரு செய்தி. அப்பா தன் பழைய ரெகுலேட்டரைப் படமாக வரைந்திருக்கிறார்: ஷட்டர், சங்கிலி, பல்சக்கரம், கடல் பக்கம், ஆற்றுப் பக்கம் எல்லாம் அம்புக்குறியோடு. மகள் ஆங்கிலத்தில் பெயர் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டாள். அதோடு ஒரு கேள்வியும் போகிறது. ஒவ்வோர் ஏற்றமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து குளத்தில் படியவிடுமே, ஆலை ஓடிய காலத்தில் அதைத் தூர்வாரியது யார், எதைக் கொண்டு? ஸ்வான்சி முகவரிக்கு எழுதினால் போதும். அப்பா தினமும் தபால் வந்ததா என்று அத்தானிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
அப்பா சொல்லச் சொல்ல எழுதிய மகன்