மின் கான்ட்யூட்டை அடைக்கும் ஃபயர் போர்டு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் மின் கான்ட்யூட்டையும் (மின்கம்பிகள் செல்லும் குழாய்) கேபிள் டிரேயையும் (கேபிள்களைத் தாங்கும் தட்டு) பெட்டிபோல் சுற்றி அடைப்பதற்கு, இறக்குமதியாகும் ஃபயர் போர்டுகளைப் (தீத்தடுப்புப் பலகைகள்) பற்றிப் பலர் எங்களிடம் விசாரிக்கிறீர்கள். "இரண்டு மணி நேரம் தாங்குமா?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. போர்டை மட்டும் பார்த்து அதற்கு விடை சொல்ல முடியாது என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் 'ஏ1' என்ற வகுப்பு, அந்தப் பொருள் எரியாது என்பதை மட்டுமே சொல்கிறது. தீயை எவ்வளவு நேரம் மறுபக்கம் விடாது என்பது வேறு சோதனை. போர்டின் கனம், அடுக்குகள், மூட்டுகளின் பின்பட்டை, திருகுகளின் இடைவெளி, தாங்கும் கம்பி என முழு அமைப்பையும் கட்டி உலையில் வைத்த பிறகே அதில் நேரம் குறிக்கப்படுகிறது. ஆகவே, பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 476 பகுதி 22-இன்படி தடுப்புச் சுவராகத் தேறிய அறிக்கையைக் காட்டி, தளத்தின் அடியில் தொங்கும் கேபிள் பெட்டிக்கும் அதே நேரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

தீ எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் கேளுங்கள். ஜெர்மானியத் தரமான டி.ஐ.என். 4102-இல், பெட்டிக்குள் பற்றிய தீ வெளியே வராமல் 90 நிமிடம் தடுப்பது 'ஐ 90'. வெளியே தீ எரியும்போது உள்ளிருக்கும் கேபிளில் மின்சாரம் 90 நிமிடம் அறாமல் ஓடுவது 'இ 90'. தீயணைப்பு பம்புக்கும் அவசர விளக்குக்கும் செல்லும் கேபிளுக்கு இரண்டாவதுதான் தேவை. சோதனை உலை 60 நிமிடத்தில் 945 டிகிரி செல்சியஸையும், 120 நிமிடத்தில் 1049 டிகிரியையும் தொடுகிறது. தடுப்புச் சுவரைச் சோதிக்கும்போது, தீ படாத பின்பக்கம் சராசரியாக 140 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறினாலும் சுவர் தேறிவிடும். வழக்கமான பி.வி.சி. கேபிளோ தொடர்ந்து தாங்குவது 70 டிகிரியைத்தான். சுவர் தேறியிருக்கும், கேபிள் உருகியிருக்கும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது, விலை குறைவாக வரும் மெக்னீசியம் ஆக்சைடு போர்டுகளில் ஒரு வகை. மெக்னீசியம் குளோரைடைக் கலந்து இறுக்கிய போர்டு ஈரக்காற்றிலிருந்து நீரை இழுத்து, உப்புநீராகக் கசியவிடும். டென்மார்க்கில் இறக்குமதிப் போர்டுகளால் வெளிச்சுவர்களை அடைத்த பல கட்டடங்களில் இப்படி நேர்ந்து, திருகுகளும் மரச்சட்டங்களும் கெட்டதால், 2015-இல் அங்கே பகிரங்கமாக எச்சரிக்கை விடுக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். அதே போர்டு இங்கே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கான்ட்யூட்டைத் தொட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்தால் கான்ட்யூட் துருப்பிடிக்கும், பெட்டியைப் பிடித்திருக்கும் திருகுகளும் பலவீனப்படும்.

இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். கையளவு துண்டில் ஒரு திருகை ஏற்றி, அடியில் சிறிது நீர் உள்ள மூடிய டப்பாவில், நீரில் படாதபடி சில வாரங்கள் வையுங்கள். குளோரைடு மிகுந்த போர்டின் முகத்தில் வியர்வை முத்துக்கள் அரும்பும், திருகின் தலையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். போர்டைச் சுரண்டிய தூளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, நைட்ரிக் அமிலத்தில் சில துளியும் பிறகு சில்வர் நைட்ரேட்டும் விட்டால், குளோரைடு இருக்கும்போது பால்போல் வெண்மை திரள்வதை ஆய்வகத்தில் காட்டச் சொல்லலாம். குழாய்நீரில் குளோரைடு இருப்பதால் அது பயன்படாது. கடலோர ஊர்களின் மின் ஷாஃப்டுகளுக்கு (தளங்களினூடே கேபிள்கள் மேலேறும் செங்குத்துக் கூடு) கால்சியம் சிலிக்கேட் போர்டையே பரிந்துரைக்கிறோம். விலை கூடுதல்தான், ஆனால் இந்த இடத்தில் அது வீண்செலவன்று.

பெட்டி அடைத்ததும் கேபிளின் வெப்பம் வெளியேறுவது குறையும் என்பதால், எவ்வளவு மின்னோட்டம் குறைக்க வேண்டும் என்பதை மின் பொறியாளரிடம் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, சேவை ஷாஃப்டுகளுக்கு 120 நிமிடத் தடுப்பைக் கேட்கிறது. ஒவ்வொரு தளத்திலும் கேபிள் புகும் துளையை முறையாக அடைக்காவிட்டால் எந்தப் போர்டும் அதைத் தராது.

விலைப்பட்டியல் கேட்கும்போது ஷாஃப்ட் வரைபடத்தையும் கேபிள் வகையையும் சேர்த்து அனுப்புங்கள். வேறெங்கும் வாங்குவதானாலும், சோதனை அறிக்கையின் முதல் பக்கத்தோடு நில்லாமல், கட்டுமான விவரமும் வெப்ப அளவுகளும் உள்ள பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள்; அவற்றைப் படித்துப் பார்க்க உதவி வேண்டுமானால், எங்களிடம் வாங்காதவர்களும் தயங்காமல் கடைக்கு எடுத்து வரலாம்.

இப்படிக்கு,
நிர்வாகம்